வவுச்சர் கைக்கு வந்துவிட்டது, வீடுதான் கிடைக்கவில்லை

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன். கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். கணவரைப் பிரிந்து, மகனோடும் (8) மகளோடும் (5) ஒரு பேஸ்மென்ட்டில் குடியிருக்கிறேன். இந்தியன் குரோசரி கடையில் மணிக்கு 16 டாலர், வாரம் 35 மணி நேர வேலை. பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாதம் 200 டாலர் கொடுக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் பெயர் கொடுத்து வைத்த செக்‌ஷன் 8 வவுச்சர் இப்போது வந்திருக்கிறது. இரண்டு பெட்ரூம், பேமென்ட் ஸ்டாண்டர்ட் 2,100 டாலர், 60 நாள் கெடு என்று போட்டிருக்கிறார்கள். அதில் 17 நாள் ஓடிவிட்டது. ஒரு வீட்டுக்காரர், "புரோகிராம் எல்லாம் நாங்கள் எடுப்பதில்லை" என்கிறார். இன்னொருவர் சம்மதிக்கிறார், ஆனால் மாதம் 200 டாலர் தனியாக ரொக்கம் கேட்கிறார். அண்ணனுக்கு ஐசலினில் வீடு இருக்கிறது, அங்கேயே போய்விடலாமா? அம்மா திருச்சியிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கப்போகிறார். இந்த உதவியை வாங்கினால் பின்னால் சிட்டிசன்ஷிப்புக்கு இடைஞ்சல் வருமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ரொக்கம் கேட்டவரிடம் இன்னும் எதற்கும் தலையாட்டாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உங்களுக்கு 43 நாள் மிச்சம் இருக்கிறது. அதை எப்படிக் கழிப்பது என்பதுதான் இப்போது முக்கியம்.

வவுச்சர் என்பது, குறைந்த வருமானமுள்ள குடும்பத்தின் வாடகையில் ஒரு பங்கை அரசே கட்டும் உதவி; கையில் தரும் பணம் அல்ல. நீங்கள், வீட்டுக்காரர், வவுச்சர் தந்த அலுவலகமான ஹவுசிங் அத்தாரிட்டி என மூன்று தரப்பும் கையெழுத்திட்டால்தான் அதற்கு உயிர் வரும். உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் லீஸ். வீட்டுக்காரருக்கும் அத்தாரிட்டிக்கும் இடையில் தனி ஒப்பந்தம். இந்த இரண்டாவது ஒப்பந்தம் ஏற்படாமலே கெடு முடிந்து வவுச்சரைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் பத்துப் பேரில் மூன்று, நான்கு பேர். நாலு வருஷம் வரிசையில் நின்றவருக்கு இரண்டே மாத அவகாசம் என்பது இந்தத் திட்டத்தின் பெரிய குறை என்பேன். ஆனாலும் விதிக்குள்ளேயே கெடு ஓடுவதை நிறுத்திவைக்கும் வழி ஒன்று உண்டு.

வவுச்சரோடு தந்த கட்டில் 'ரெக்வெஸ்ட் ஃபார் டெனன்சி அப்ரூவல்' என்ற படிவம் இருக்கும். எண் 52517. வீடு பிடித்து, வீட்டுக்காரரும் நீங்களும் அதை நிரப்பி, லீஸ் நகலோடு அலுவலகத்தில் கொடுத்த நாளிலிருந்து, அந்த வீட்டுக்கு ஒப்புதல் உண்டா இல்லையா என்று எழுத்தில் பதில் வரும்வரை உங்கள் கெடு நிற்கும். இன்ஸ்பெக்‌ஷன் மூன்று வாரம் இழுத்தாலும் அந்த நாட்கள் உங்கள் கணக்கில் கழியாது. படிவத்தைக் கொடுத்த தேதிக்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் அதுவே சான்று; நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை கேளுங்கள். ஆக, எந்த வீட்டுக்காரரோடு இந்தப் படிவம்வரை போக முடியும் என்பதை வைத்தே உங்கள் தேடலை அமைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன்னால், எந்த வாடகை வரை பார்க்கலாம் என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிய வேண்டும். பேமென்ட் ஸ்டாண்டர்ட் என்பது, அத்தாரிட்டி தன் பங்கைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு. பலரும் அது 2,100 என்றால் 2,100 டாலர் வீடு பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு அலைகிறார்கள். கணக்கு அப்படி இல்லை.

உங்கள் ஆண்டு வருமானம் 29,120 டாலர். இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 480 வீதம் 960 கழியும். (இந்த 480 வெகுகாலமாக இருந்த அளவு. இப்போது விலைவாசியைப் பொறுத்து மாற்றுகிறார்கள், ஆகவே அலுவலகத் தாளில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.) நீங்கள் வேலைக்குப் போவதற்காக 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பராமரிப்புக்குச் செலவிடும் பணமும் கழியும். மாதம் 200 என்றால் ஆண்டுக்கு 2,400. மிச்சம் 25,760; மாதத்துக்கு 2,147 டாலர். அதில் 30 சதவீதம் 644 டாலர். இதுதான் உங்கள் பங்கு. பிள்ளை பராமரிப்புக்கு ரசீது இல்லையென்றால் அந்தக் கழிவு கிடைக்காது, உங்கள் பங்கு 60 டாலர் ஏறிவிடும். பார்த்துக்கொள்கிறவர் பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தாலும் அவரிடம் எழுத்தில் ஒரு தாள் வாங்கி வையுங்கள். கணவரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் வந்தால் அது வருமானத்தில் சேரும்.

அடுத்தது யூட்டிலிட்டி. கரண்ட், கேஸ், ஹீட்டிங் இவற்றை நீங்களே கட்டுவதாக இருந்தால், அவற்றுக்கு மாதம் இவ்வளவு ஆகும் என்று அத்தாரிட்டி ஓர் அட்டவணை வைத்திருக்கும். அதை வாடகையோடு கூட்டித்தான் மொத்த வாடகை என்பார்கள். உங்களுக்கு அது 180 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

1,900 டாலர் வீடு என்றால் மொத்தம் 2,080. அது 2,100-க்குள் இருப்பதால் அத்தாரிட்டி 1,436 டாலரை நேரடியாக வீட்டுக்காரருக்கு அனுப்பும். அவருக்கு நீங்கள் தர வேண்டியது 464. யூட்டிலிட்டி பில் 180. ஆக உங்கள் பங்கு 644.

2,200 டாலர் வீடு என்றால் மொத்தம் 2,380. அத்தாரிட்டியின் உச்சம் 2,100 கழித்தல் 644, அதாவது 1,456. மீதி 924 உங்கள் தலையில் விழும். இங்கேதான் பலருக்கு விண்ணப்பம் திரும்பி வருகிறது. மொத்த வாடகை பேமென்ட் ஸ்டாண்டர்டைத் தாண்டும்போது, புதிதாகக் குடிபோகிற வீட்டுக்கு உங்கள் பங்கு, கழிவுகள் நீங்கிய மாத வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. உங்களுக்கு அது 858 டாலர். "நான் எப்படியாவது கட்டிவிடுகிறேன்" என்று சொன்னாலும் ஒப்புதல் கிடைக்காது.

1,456-ம் 858-ம் சேர்ந்தால் 2,314. இதுதான் உங்கள் மேல்வரம்பு, யூட்டிலிட்டி உட்பட. எல்லா பில்லும் நீங்கள் கட்டுவதானால் 2,134 டாலர் வாடகை வரை பார்க்கலாம். ஹீட்டும் வெந்நீரும் வாடகையிலேயே அடங்கிய வீடாக இருந்து, உங்கள் பங்குக்கு யூட்டிலிட்டி 70 டாலர்தான் என்றால் 2,244 வரை போகலாம். விளம்பரத்தில் விலை கூடுதலாகத் தெரிகிற, 'ஹீட் இன்க்லூடட்' என்று போட்ட பழைய அபார்ட்மென்ட்கள் உங்களுக்குப் பல சமயம் பொருந்திவரும். அவற்றைத் தள்ளிவிடாதீர்கள்.

வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது. அக்கம்பக்கத்தில் வவுச்சர் இல்லாதவர்கள் அதேபோன்ற வீட்டுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று அத்தாரிட்டி ஒப்பிட்டுப் பார்க்கும். கூடுதலாகத் தெரிந்தால் குறைக்கச் சொல்லும். வீட்டுக்காரர் மறுத்தால் அந்த வீடு போயிற்று. பேமென்ட் ஸ்டாண்டர்ட் எல்லா ஊருக்கும் ஒன்றாகவும் இருக்காது. சில அத்தாரிட்டிகள் ஜிப் கோடு வாரியாக வைத்திருக்கின்றன. ஜிப் கோடு பட்டியல் உண்டா என்று கேளுங்கள். நல்ல பள்ளி உள்ள பகுதியில் வரம்பு சில நூறு டாலர் கூடுதலாக இருக்கலாம். மகளுக்கு 5, மகனுக்கு 8 என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 1990-களில் பாஸ்டன், சிகாகோ உள்ளிட்ட ஐந்து நகரங்களில் வறுமை குறைந்த பகுதிகளுக்கு மாறுவதற்கென்றே வவுச்சர் கொடுத்துப் பார்த்தார்கள். 13 வயதுக்கு முன்னால் அப்படி மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் சம்பாதித்தது, மாறாதவர்களைவிட 31 சதவீதம் கூடுதல் என்று பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் பின்னாளில் கண்டார்கள்.

இனி "எடுப்பதில்லை" என்ற வீட்டுக்காரர். மத்திய அரசின் நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் வவுச்சருக்குப் பாதுகாப்பு இல்லை. ஆனால் நியூ ஜெர்சியின் பாகுபாடு தடுப்புச் சட்டத்தில் உண்டு. வாடகை எந்த முறையான வழியில் வருகிறது என்பதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, விளம்பரத்தில் 'நோ செக்‌ஷன் 8' என்று போடவும் கூடாது. "மாத வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும்" என்று கேட்டால், அந்த மூன்று மடங்கை நீங்கள் கட்டும் 464 டாலருக்குத்தான் பார்க்க வேண்டும், 1,900-க்கு அல்ல. உங்களைப் போன்றவர்களைக் கழித்துக்கட்டப் பெரிய அபார்ட்மென்ட் அலுவலகங்கள் கையாளும் வழி பெரும்பாலும் இந்த வருமானக் கணக்குதான். வெளிப்படையாக மறுக்கிறவர்கள் இப்போது குறைவு.

ஒரு விலக்கும் உண்டு. இரண்டு குடித்தன வீட்டில் ஒன்றில் உரிமையாளரே குடியிருந்து மற்றதை வாடகைக்கு விட்டால் இந்தச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது. நம்மவர்கள் வாடகைக்கு விடும் வீடுகள் பலவும் இந்த வகைதான். உங்களிடம் மறுத்தவர் அப்படிப்பட்டவரா என்று பாருங்கள். ஆம் என்றால் நேரத்தை வீணாக்காமல் அடுத்த வீட்டுக்குப் போங்கள். இல்லையென்றால், அவர் சொன்னதைத் தேதியோடு எழுதி வையுங்கள், முடிந்தால் டெக்ஸ்ட்டில் ஒருமுறை கேட்டுப் பதிலைச் சேமியுங்கள். மாநிலத்தின் டிவிஷன் ஆன் சிவில் ரைட்ஸில் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. ஆனால் புகார் முடிவாகும்வரை உங்கள் கெடு காத்திருக்காது, ஆகவே தேடலை நிறுத்த வேண்டாம்.

போனில் எடுத்ததும் "செக்‌ஷன் 8 எடுப்பீர்களா?" என்று கேட்காதீர்கள். நீங்களே மறுப்புக்கு வழி திறந்துவிடுவதாகும். வீடு காலியா, பார்க்கலாமா என்று கேட்டு நேரில் போங்கள். வவுச்சரை மறைக்க வேண்டாம். வீட்டைப் பார்த்த பிறகு, வாடகையில் பெரும்பங்கை ஒவ்வொரு மாதமும் அத்தாரிட்டி நேராக அவர் வங்கிக் கணக்கில் போடும் என்பதைச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு உண்மையான தயக்கம், எத்தனை தாள் நிரப்ப வேண்டும், எத்தனை நாள் வீடு காலியாகக் கிடக்கும் என்பதுதான். அதற்குப் பதிலாக ஒரு ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் பகுதி நிரப்பிய 52517 படிவம், அவர் தன் வரி எண்ணைத் தரும் டபிள்யூ-9 படிவம், வங்கிக் கணக்குப் படிவம், வீட்டு உரிமைச் சான்றாக என்னென்ன தர வேண்டும் என்ற தாள், கடந்த ஓராண்டு நீங்கள் வாடகை கட்டிய சான்று. செக்யூரிட்டி டெபாசிட்டை வவுச்சர் தராது. நியூ ஜெர்சியில் அது ஒன்றரை மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. 1,900 டாலர் வீட்டுக்கு 2,850. இப்போதே கையில் இல்லையென்றால் 211 என்ற எண்ணை அழைத்து, உங்கள் கவுன்ட்டியில் டெபாசிட் உதவி எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

இப்போது அந்த 200 டாலர் ரொக்கம். அத்தாரிட்டி ஒப்புக்கொண்ட வாடகைக்கு மேல் கைமாறும் எந்தப் பணமும் ஒப்பந்த மீறல்தான். பார்க்கிங், பராமரிப்பு என்று எந்தப் பெயர் வைத்தாலும், அத்தாரிட்டிக்குத் தெரியாமல் கொடுத்தால் அப்படித்தான். அவர் பிடிபட்டால் திட்டத்திலிருந்து நீக்கலாம், வாங்கியதைத் திருப்பித் தரச் சொல்லலாம். உங்களுக்கோ வவுச்சரே போய்விடலாம். கணக்குப்படியும் அது சரிவராது: 644 கட்ட முடியும் என்று விதி கணித்த வீட்டில் 844 கட்டிக்கொண்டிருப்பீர்கள். அவருக்கு 200 டாலர் கூடுதலாக வேண்டுமானால் லீஸிலேயே வாடகையை ஏற்றிக் கேட்கட்டும். உங்கள் மேல்வரம்புக்கும் அக்கம்பக்க விலைக்கும் உட்பட்டால் ஒப்புதல் கிடைக்கும். இதை அவரிடம் பதமாகவே சொல்லிப் பாருங்கள். விதி தெரியாமல் கேட்கிறவர்களும் உண்டு.

அண்ணன் வீடு முடியாது. வீட்டின் உரிமையாளர் உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பெற்றோர், பிள்ளை, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, உடன்பிறந்தார் என்றால் அந்த வீட்டுக்கு வவுச்சர் செல்லாது. குடும்பத்தில் ஊனமுற்றவர் இருந்து, அவருக்கு அந்த வீடுதான் ஏற்றது என்று காட்டினால் மட்டும் விதிவிலக்கு. அண்ணன் மனைவியின் பெயரில் பத்திரத்தை மாற்றிக் கொடுக்கலாமே என்ற யோசனை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது விதியை ஏய்ப்பதுதான்.

வீடு கிடைத்துப் படிவம் கொடுத்த பிறகு இன்ஸ்பெக்‌ஷன். சிறிய அத்தாரிட்டிகள் 15 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். பெரியவற்றுக்கு அது கட்டாயமில்லை, முடிந்தவரை அதற்குள் செய்ய வேண்டும் என்பார்கள். முதல் தடவை வீடு தவறுவது பெரிய குறைகளால் அல்ல. வேலை செய்யாத ஸ்மோக் அலாரம், ஸ்விட்ச் பலகையில் உடைந்த மூடி, தரைத்தள ஜன்னலில் பூட்டு இல்லாதது, எரியாத ஓர் அடுப்பு பர்னர், படிக்கட்டில் கைப்பிடி இல்லாதது, வாட்டர் ஹீட்டரின் அழுத்த வால்விலிருந்து கீழே வரும் குழாய் இல்லாதது, ஜன்னலும் ஃபேனும் இல்லாத குளியலறை. அதைவிட அடிக்கடி நடப்பது, இன்ஸ்பெக்டர் வரும் நாளில் கரண்டோ கேஸோ இணைப்பில் இல்லாதது. அந்த நாளுக்கு முன் இரண்டும் ஓடுகிறதா என்று வீட்டுக்காரரிடம் உறுதி செய்யுங்கள். மகளுக்கு இன்னும் ஆறு வயது ஆகாததால், 1978-க்கு முன் கட்டிய வீட்டில் உரிந்த பெயின்ட் இருந்தால் ஈய நச்சு கருதி அதைச் சரிசெய்யாமல் விடமாட்டார்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போதே ஜன்னல் சட்டத்தையும் கதவு நிலையையும் கவனியுங்கள்.

இப்போது குடியிருக்கும் பேஸ்மென்ட்டுக்கே வவுச்சரைப் பயன்படுத்த நினைத்தால், ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஜன்னல் இருக்க வேண்டும், வாடகைக்கு விட நகராட்சியின் அனுமதியும் இருக்க வேண்டும். எடிசன் பக்கத்துப் பேஸ்மென்ட்களில் பலவற்றுக்கு இந்த இரண்டாவது இல்லை. விசாரிக்கப் போய் வீட்டுக்காரருக்கு அபராதமும் உங்களுக்கு வெளியேறும் நெருக்கடியும் வரலாம். அதைத் தவிர்த்துவிடலாம்.

ஒப்புதல் வருவதற்கு முன் குடிபோய்விடாதீர்கள். வீடு இன்ஸ்பெக்‌ஷனில் தேறுவதற்கு முந்தைய நாட்களுக்கு அத்தாரிட்டி ஒரு டாலரும் தராது, முழு வாடகையும் உங்களுடையது.

அம்மா விஷயம். விசிட்டர் விசாவில் வருகிறவர் உங்கள் வீட்டுக்கு விருந்தாளி. விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஒவ்வொரு அத்தாரிட்டியும் தன் விதிப்புத்தகத்தில் வைத்திருக்கும். லீஸிலும் தனியாக இருக்கலாம். ஆறு மாதம் என்பது பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். ஆகவே அம்மா டிக்கெட் எடுக்கும்போதே, வருகிற தேதி, திரும்புகிற தேதி, விசா நகல் மூன்றையும் வைத்து எழுத்தில் அனுமதி கேளுங்கள். குடும்ப உறுப்பினராக மட்டும் சேர்த்துவிடாதீர்கள். தகுதியான குடியேற்ற நிலை இல்லாத ஒருவர் நான்கு பேரில் ஒருவராகச் சேர்ந்தால் உதவி முக்கால் பங்காகும்: 1,436 டாலர் 1,077 ஆகிவிடும்.

கடைசியாக சிட்டிசன்ஷிப். கிரீன் கார்டு உள்ளவர் வவுச்சருக்குத் தகுதியானவர். குடியுரிமை விண்ணப்பத்தில் 'பப்ளிக் சார்ஜ்' சோதனை, அதாவது அரசு உதவியை நம்பி வாழ்பவரா என்று பார்ப்பது, கிடையாது, ஆகவே வவுச்சர் வாங்கியது அங்கே குறையாகாது. குறையாகக்கூடியது பொய்க் கணக்கு. கடைக்காரர் சம்பளத்தில் ஒரு பகுதியைச் செக்காகவும் ஒரு பகுதியை ரொக்கமாகவும் தந்தால் இரண்டையும் எழுதுங்கள். உங்கள் பெயரில் கடை காட்டும் சம்பளத்தை அத்தாரிட்டி கணினியில் ஒப்பிட்டுப் பார்க்கும். அண்ணன் மாதாமாதம் தரும் பணம் வருமானம், பொங்கலுக்குக் கொடுத்தது வருமானம் அல்ல. ஊரில் உங்கள் பெயரில் வீடோ நிலமோ டெபாசிட்டோ இருந்தால் அதையும் எழுத வேண்டும். திருச்சியில் வீடு இருப்பதாலேயே தகுதி போய்விடாது; வேலைக்கும் பள்ளிக்கும் போய்வர முடியாத தூரத்தில் இருப்பதைக் குடியிருக்க ஏற்ற வீடாகப் பார்ப்பதில்லை. சொத்தின் மதிப்பு மட்டும் கணக்கில் வரும். பின்னால் அம்மாவுக்கே கிரீன் கார்டு ஸ்பான்சர் செய்வதாக இருந்தால் அது வேறு கணக்கு, குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றே ஒரு நோட்டு போடுங்கள்: எந்தத் தேதி, எந்த முகவரி, யாரிடம் பேசினீர்கள், என்ன வாடகை, என்ன பதில். இதுவரை பேசிய 17 நாளையும் நினைவிலிருந்து எழுதிவிடுங்கள். 45-வது நாள் வரை படிவம்வரை போகிற வீடு அமையவில்லையென்றால், இந்த நோட்டின் நகலோடு கெடு நீட்டிப்புக் கேட்டு எழுதுங்கள். நீட்டிப்பது அத்தாரிட்டியின் விருப்பம்தான் என்றாலும், தேடியதற்குச் சான்று உள்ளவருக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். கடிதம் 60-வது நாளுக்கு முன் அவர்கள் கையில் இருக்க வேண்டும். கெடு முடிந்த மறுநாள் போனால் மறுபடியும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.